சிவில் அப்பீலுக்கு இலவச வக்கீல் கிடைக்குமா? காரைக்குடிப் பக்கம் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

3 பிப்ரவரி 2025, மாலை (கேள்வி)

அம்மா பெயரில் உள்ள இடத்துக்காக நாலு வருடமாக நடந்த வழக்கு முன்சீப் கோர்ட்டில் ஜனவரி 20-ஆம் தேதி தள்ளுபடி ஆகிவிட்டது. அப்பீல் போட நாற்பதாயிரம் கேட்கிறார்கள். எங்களால் புரட்ட முடியாது. இலவச சட்ட உதவி கிரிமினல் கேசுக்கும் ஜெயிலில் இருப்பவர்களுக்கும்தான், சொத்து வழக்குக்குக் கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

3 பிப்ரவரி, இரவு 9.40

உண்மை இல்லை தம்பி. சொத்து வழக்குக்கும் உண்டு, அப்பீலுக்கும் உண்டு. 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-ஆம் பிரிவு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. உங்கள் அம்மா பெயரில் வழக்கு என்பதால் அவர் பெண் என்ற ஒன்றே போதும்.

போன வருடம் என் அத்தைக்கு இதே வழியில்தான் போனோம். விரிவாக அப்புறம் எழுதுகிறேன். நாளைக் காலையில் முதல் வேலையாகத் தீர்ப்புக்கும் டிகிரிக்கும் (தீர்ப்பை ஒட்டிக் கோர்ட் தனியாக எழுதும் முறையான உத்தரவு) நகல் மனு போடுங்கள். அப்பீலுக்கு 30 நாள் அவகாசம். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

3 பிப்ரவரி, இரவு 11.15

மேலே கடைசி வரி தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது, எழுந்து வந்து எழுதுகிறேன். அந்த வரியை அழிக்கவில்லை. நிறையப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் நம்பினேன், அதனால் தப்பும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

30 நாள் தீர்ப்பு தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். நகல் மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை ஆன நாட்களை மட்டும் கழித்துக் கொடுப்பார்கள். மனுவே போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் உங்கள் கணக்கில்தான் போகும். உங்களுக்கு ஜனவரி 21-லிருந்து இன்று வரை 14 நாள் போய்விட்டது. நாளைக்கு மனு போட்டால் மிச்சம் 16 நாள். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் 9 நாள்தான்.

முன்சீப் கோர்ட் தீர்ப்புக்குச் சப் கோர்ட்டில் அப்பீல், அதனால் 30. ஹைகோர்ட்டுக்குப் போகிற அப்பீல் என்றால் 90 நாள்.

4 பிப்ரவரி

மனு போட்டாச்சு என்று எழுதியிருக்கிறீர்கள், மனசு லேசானது.

இதோடு வேலை முடியவில்லை. இத்தனை ரூபாய்க்கு ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்று நகல் பிரிவு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அதை யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள், நாமே போய்ப் பார்க்க வேண்டும். ஒட்டிய பிறகு நாம் கட்டாமல் தாமதித்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள். நகலின் கடைசிப் பக்கத்தில் மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். சப் கோர்ட்டில் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஈகோர்ட்ஸ் செயலியில் தீர்ப்பு ஏறியிருந்தால் இறக்கிப் படியுங்கள். படிக்க மட்டும்தான் அது. அப்பீலோடு வைக்க சான்றிட்ட நகல் வேண்டும்.

6 பிப்ரவரி

அத்தை கதையைச் சொல்கிறேன். எங்கே சறுக்கினோம் என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடப்பது உங்களுக்குத் தெரியும். மாமா அப்படி ஒரு வீட்டின் அடுப்படிப் பகுதியையும் கிணற்றடியையும் 1994-ல் ஒரு பங்காளியிடம் கிரயம் வாங்கினார். பின்தெருப் பக்கம் வேறொருவர் மனை, அதனால் போக வரப் பக்கவாட்டுச் சந்து ஒன்றுதான். மாமா இருந்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தவறிய மறு வருடம் மற்றப் பங்காளிகள் சந்துக்குக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். அத்தை கொட்டான் (ஓலைக் கூடை) முடைந்து பிழைக்கிறவர். பனையோலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டு அவர்கள் கொல்லை வழியாக வீட்டுக்குள் போனார்.

நடைபாதை உரிமைக்கும் நிரந்தரத் தடைக்கும் வழக்குப் போட்டோம். 2024 ஜூலை 8-ஆம் தேதி தள்ளுபடி. அது எங்களுக்குத் தெரிந்தது ஜூலை 29. வக்கீல் ஆபீசில் கேட்டபோதெல்லாம் 'ஆர்டர் இன்னும் வரலம்மா' என்றே சொன்னார்கள். எனக்கு என்னவோ போல் இருந்ததால் ஈகோர்ட்ஸ் செயலியில் எங்கள் வழக்குக்கென்று உள்ள பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்று வந்தது. அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. மறுநாள் 30-ஆம் தேதி நகல் மனு போட்டோம். அதற்குள் 21 நாள் கரைந்துவிட்டது. ஆகஸ்ட் 19-ஆம் தேதி நகல் தயாரானது. மீதி இருந்தது 9 நாள்.

அந்த இடைவெளியில்தான் இலவச உதவி கிடைத்தது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி 'இதை வச்சு ஒரு வக்கீலைப் பாரு ஆத்தா' என்று அத்தை என் கையில் கொடுத்தார். நகல் பிரிவுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த சட்டத் தன்னார்வலர் அம்மாதான் அதைப் பார்த்துவிட்டு, 'தோட்டை முதல்ல காதுல போடச் சொல்லுங்க, உள்ளே வந்து ஒரு மனு எழுதிக் கொடுங்க' என்று கூட்டிக்கொண்டு போனார். வக்கீல் நியமனம் ஆகி, ஆகஸ்ட் 27-ஆம் தேதி அப்பீல் தாக்கலானது. கெடு 28.

7 பிப்ரவரி

இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு வந்து நிற்பார், வாய்தா வாங்குவார், அவ்வளவுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்படி நேர்ந்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு நேர்ந்தது வேறு.

அந்த வக்கீலம்மா தீர்ப்பை எங்கள் எதிரிலேயே முதல் பக்கத்திலிருந்து படித்தார். தீர்ப்பு தமிழில் இருந்ததால் அத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, 'உங்க கிரயப் பத்திரத்துல, 1962-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப்படி உள்ள நடைபாதைப் பாத்தியம் சகிதம்னு எழுதியிருக்கு. அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் எங்கே?' என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பணம் கொடுத்து நடத்திய நாலு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. முன்சீப் கோர்ட்டில் தோற்றதே அந்தப் பத்திரம் கோர்ட் முன்னால் வராததால்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு 1962 பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கினோம். சந்தின் நீளமும் அகலமும் அடிக்கணக்கில் இருந்தது. 'மேற்படி கிணற்றடிப் பங்குக்காரர் போகவர' என்றும் இருந்தது. அத்தை அந்த வரியை என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

ஆனால் அப்பீலில் புதுச் சாட்சியத்தைச் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 27 என்று தனி மனுப் போட வேண்டும். எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்கவில்லை, அல்லது தீர்ப்புச் சொல்ல இது கோர்ட்டுக்கே தேவைப்படுகிறது என்று காட்ட வேண்டும். எங்கள் மனு அப்பீலோடு சேர்த்து விசாரிக்க நிலுவையில் இருக்கிறது. உங்கள் அம்மா வழக்கில் கொடுக்காமல் விட்ட பத்திரம் ஏதாவது இருந்தால் இப்போதே தேடி எடுங்கள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

எங்கே போவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழு, கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். மாவட்ட ஆணைக்குழு சிவகங்கையில், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில். அதன் தலைவர் மாவட்ட நீதிபதி, அன்றாட வேலைகளைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் ஒரு நீதிபதிதான். மதுரைக் கிளைக்கு இரண்டாம் அப்பீல் போகிறவர்களுக்கு அங்கேயே ஹைகோர்ட்டுக்கான தனிக் குழு உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

மனுவைத் தமிழில் வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்குவார்கள். நாங்கள் கொண்டுபோனது ஆதார், தீர்ப்பின் அச்சுப்பிரதி, நகல் மனு போட்டதற்கான சீட்டு, கிரயப் பத்திரம், பட்டா. மனுவின் மேலேயே 'அப்பீல் கெடு முடியும் நாள்' என்று தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்களின் வேகமே மாறியது.

இலவசம் என்றால் வக்கீல் பீஸ் மட்டும் இல்லை. கோர்ட் கட்டணம், எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் அனுப்பும் பேட்டா, சான்றிட்ட நகல் வாங்கும் செலவு, அப்பீல் தயாரிப்பு, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு வரை சட்ட உதவிக்குள் வரும். நியமிக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. யாராவது கேட்டால் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பஸ் செலவும் டீ செலவும் நம்முடையதுதான். புதுவயல் ரைஸ்மில்லில் கணக்கெழுதுகிறவள் என்பதால் நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். நாலு மாதத்துக்கு 1,860 ரூபாய் ஆகியிருந்தது, பாதி ஜெராக்ஸ்.

10 பிப்ரவரி

ஆண்களுக்குக் கிடையாதா என்று கோபமாகக் கேட்டவருக்கு: உண்டு அண்ணே. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதே 12-ஆம் பிரிவில் வருகிறார்கள். இதில் எதிலும் வராதவருக்கு வருமானம் மாநில அரசு வைத்த வரம்புக்குள் இருக்க வேண்டும்.

மனுவைத் தள்ளிவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். வழக்கில் கொஞ்சமாவது சாரம் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள், அது 13-ஆம் பிரிவு. அதனால் 'எனக்கு அநியாயம் நடந்துவிட்டது' என்று மட்டும் எழுதாமல், தீர்ப்பில் எந்த இடம் தப்பு என்று இரண்டு வரியாவது எழுதிக் கொடுப்பது நல்லது.

14 பிப்ரவரி

பழைய வக்கீல் பாக்கிப் பணம் தந்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறாரா? அப்படிப் பிடித்து வைக்க உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பீஸ் பாக்கி இருந்தால் அதற்கு அவர் தனியாக வழிதேடிக்கொள்ள வேண்டும். மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம். கட்டு வருவதற்காகக் காத்திருந்து கெடுவை விட்டுவிடவும் வேண்டாம், அப்பீல் தாக்கல் செய்யத் தீர்ப்பு, டிகிரி நகல்கள் போதும்.

நகல் இன்றைக்குத் தயாராகிவிட்டதா! சரி, கணக்குப் பார்ப்போம். பிப்ரவரி 4 முதல் 14 வரை 11 நாள் கழிகிறது. பிப்ரவரி 19-ல் முடிய வேண்டிய கெடு மார்ச் 2-க்குப் போகிறது. அது ஞாயிறு, அதனால் 3-ஆம் தேதி திங்கட்கிழமை போட்டாலும் செல்லும். ஆனால் தயவுசெய்து 3-ஆம் தேதி வரை இழுக்காதீர்கள். நான் ஆகஸ்ட் 27-ஆம் தேதி சப் கோர்ட் வராந்தாவில் நின்றபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

16 பிப்ரவரி

விஷயத்தை விட்டு கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் நம் ஊர் வழக்குகளில் இது பெரிய தலைவலி.

ஒரு பெரிய வீட்டுக்கு எத்தனை புள்ளி, அதாவது எத்தனை குடும்பம், பங்கு? தாத்தாவும் பாட்டையாவும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனார்கள், பேரப்பிள்ளைகள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். வீட்டில் காவலுக்கு ஒருவர். வருடத்துக்கு ஒரு தடவை படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். அத்தை வழக்கில் எதிர்க்கட்சி ஏழு பேர். ஏழு பேர் கைக்கும் அப்பீல் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஒருவர் பினாங்கில். இன்னொருவர் தேவகோட்டையில் இருந்தார், டிசம்பரில் தவறிவிட்டார்.

ஒரு கட்சிக்காரர் இறந்தால் அவருடைய வாரிசுகளை 90 நாளுக்குள் சேர்க்க மனுப் போட வேண்டும். விட்டால் அவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போகும். அதன்பிறகு அப்படி அற்றுப்போனதை ரத்து செய்யக் கேட்க 60 நாள். பங்கு பிரிக்க முடியாத வழக்கில் ஒருவர் மேல் அற்றுப்போனால் மொத்த அப்பீலுக்கே ஆபத்து. இதைக் கோர்ட்டோ வக்கீலோ தானாகக் கண்டுபிடிக்க முடியாது. ஊரில் யார் தவறினார்கள் என்று நமக்குத்தான் முதலில் தெரியும். அத்தைதான் துக்கம் விசாரிக்கப் போய், பெரியவரின் பிள்ளைகள் நாலு பேரின் பெயரையும் இருக்கும் ஊரையும் கேட்டுக்கொண்டு வந்தார். வழக்கு இருக்கிறதே, போகலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. 'சாவுக்குப் போகாம இருக்கலாமா, சந்துக்குத்தானே சண்டை' என்றார். அந்தப் பிள்ளைகளும் முகம் கோணாமல் பேசியிருக்கிறார்கள்.

27 பிப்ரவரி

தாக்கல் ஆகிவிட்டது என்ற செய்தியை அத்தையிடமும் சொன்னேன். உங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அப்பீல் போட்டதாலேயே எதிலும் தடை வந்துவிடாது. இதை ஆகஸ்டில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். வழக்கு நடந்தபோது அத்தைக்கு இடைக்காலத் தடை இருந்தது, வழக்கு தள்ளுபடியானதும் அதுவும் போய்விட்டது. அதன்பிறகு சந்துக் கதவில் இரண்டாவது பூட்டு. அப்பீலோடு இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனுப் போடச் சொல்லுங்கள். எதிர்க்கட்சிக்குச் சாதகமாக டிகிரி ஆகி, அதை நிறைவேற்ற வருகிறார்கள் என்றால் கட்டளை 41 விதி 5-ன் கீழ் நிறுத்தி வைக்கக் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு, வக்கீலிடம் எது என்று தெளிவாகக் கேளுங்கள்.

5 மார்ச்

'எனக்கு 140 நாள் தாமதமாகிவிட்டது, எல்லாம் போச்சா' என்று கேட்ட கண்டனூர்க்கார அக்காவுக்கு.

போகவில்லை. காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போட்டு, அப்பீலையும் கூடவே தாக்கல் செய்யலாம். 1998-ல் பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 883 நாள் தாமதத்தை மன்னித்தது. எத்தனை நாள் என்பது பெரிதில்லை, சொல்லும் காரணம் ஏற்கத் தக்கதா என்பதுதான் என்றது. அந்த வழக்கிலும் காரணம், நம்பியிருந்த வக்கீல் கைவிட்டதுதான்.

இதைப் படித்துவிட்டு நாள் இருக்கிறது என்று யாரும் மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். மன்னிப்பது கோர்ட்டின் இஷ்டம், 20 நாளுக்கே தள்ளுபடி ஆனதும் உண்டு. அக்கா, உங்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருக்கின்றன என்கிறீர்கள். தேதி வாரியாக அடுக்குங்கள். எந்தத் தேதியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன பதில் வந்தது என்று நினைவிருப்பதை எல்லாம் இன்றைக்கே எழுதி வையுங்கள். இல்லாத காரணத்தைச் சேர்க்காதீர்கள், குறுக்கு விசாரணையில் நிற்காது.

22 மார்ச்

லோக் அதாலத் பற்றி. எங்களையும் கூப்பிட்டார்கள், போனோம். நல்ல ஏற்பாடு, சமரசம் ஆனால் கட்டிய கோர்ட் கட்டணம்கூடத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அதுவே முடிவு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எதிர்க்கட்சி சொன்னது, காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும் சந்து திறந்திருக்கும் என்பது. எனக்கு ஒத்துக்கொள்ளலாம் என்றே பட்டது. வக்கீலம்மா, 'ராத்திரி நெஞ்சு வலிச்சா எந்த வழியா தூக்கிட்டுப் போவீங்க?' என்று கேட்டார். அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.

8 ஜூன்

கோர்ட் மே விடுமுறை முடிந்து திறந்துவிட்டது. இரண்டு விஷயம்.

ஒன்று, பழைய வக்கீலைப் பற்றி பிப்ரவரியில் எழுதியதை மறுபடி படித்தேன். தீர்ப்பு வந்ததைச் சொல்லாமல் விட்டது தப்புதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் 1962 பத்திர விஷயத்தில் முழுப் பழியையும் அவர் மேல் போட்டது சரியில்லை. கிரயப் பத்திரம் நாலு வருடமும் எங்கள் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. படிக்கத் தெரிந்தவள் நான். ஒருநாளும் பிரித்து முழுதாகப் படிக்கவில்லை. வழக்கு வைத்திருக்கிற எல்லோரும் இன்றைக்கே அவரவர் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரம் வரை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

இரண்டு, தம்பி, உங்கள் அப்பீலுக்கு நம்பர் ஆகிவிட்டதென்றும் இடைக்கால மனு ஜூன் 20-க்கு வருகிறதென்றும் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள். நாங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தையைக் கூட்டிப் போகிறோம். வக்கீலம்மாவுக்கும் அது பிடித்திருக்கிறது, கேஸ் கட்டில் இல்லாத விவரத்தை அங்கேயே கேட்டுக்கொள்கிறார்.

எங்களுக்கு ஜூலை 14. தவறியவரின் வாரிசு நாலு பேரும் சேர்த்தாயிற்று. அதில் மூத்த மகன் எங்கள் பக்கம் வந்தபோது தன் கைச்சாவியால் ஒரு பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். இன்னொரு பூட்டு இருக்கிறது. பினாங்குக்குப் போன நோட்டீசின் ஒப்புகை அட்டை மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.